டொமைன் யார் பெயரில்? இணையதளம் செய்யக் கொடுக்குமுன் கேட்க வேண்டியது

கேள்வி: மார்த்தாண்டத்தில் தேன், கருப்பட்டி, கிராம்பு விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறோம். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் களியக்காவிளைக்கு அப்பால், கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தவர்கள். சில ஆண்டுகளுக்கு முன் தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஓர் இணையதளம் செய்தோம். இப்போது அது திறக்கவில்லை. செய்து தந்தவரும் தொலைபேசியை எடுப்பதில்லை. புதிதாகச் செய்ய விசாரித்தால், திருவனந்தபுரத்தில் ஒரு நிறுவனம் 45,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கேட்கிறது. உள்ளூரில் ஒருவர் ‘எல்லாம் சேர்த்து 7,000’ என்கிறார். யாரை நம்பிக் கொடுப்பது?

பதில்: இரண்டு தொகைகளையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், யார் பெயரில், யாருடைய மின்னஞ்சல் முகவரியில் பதிவாகும்? ‘உங்கள் பெயரில்தான், கணக்கை நீங்களே தொடங்குங்கள், எப்படி என்று நாங்கள் காட்டுகிறோம்’ என்பவரிடம் மேற்கொண்டு பேசலாம். ‘அதையெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம், உங்களுக்கு எதற்கு அந்தத் தொந்தரவு’ என்பவர் 7,000 கேட்டாலும் சரி, 45,000 கேட்டாலும் சரி, அவர் வேண்டாம்.

இணையதளம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று பொருள்கள். ஒன்று, டொமைன் எனப்படும் பெயர். இதை ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் கட்டிப் பதிவு செய்து, தவறாமல் புதுப்பிக்க வேண்டும். இரண்டாவது, தளத்தின் கோப்புகள் தங்கியிருக்கும் வாடகை இடமான ஹோஸ்டிங். மூன்றாவது, பக்கங்களும் படங்களும் எழுத்தும். பக்கங்கள் போனால் வேறொருவரைக் கொண்டு செய்துகொள்ளலாம். ஹோஸ்டிங் சரியில்லை என்றால் வேறிடம் மாற்றலாம். பெயர் போனால்தான் தேன் பாட்டில் லேபிளிலும் விசிட்டிங் கார்டிலும் கடைப் பலகையிலும் அச்சடித்து வைத்த அத்தனையும் வீணாகும். பணம் கட்டியது நாம்தானே என்று பலர் நினைக்கிறார்கள். பதிவேடு அதைப் பார்ப்பதில்லை. யாருடைய பெயரும் மின்னஞ்சலும் அதில் இருக்கிறதோ அவரையே உரிமையாளராகக் கொள்கிறது. மனைப் பத்திரத்தைக் கொத்தனார் பெயரில் எழுதி வைத்துவிட்டு வீடு கட்டச் சொல்ல நம் ஊரில் யாரும் துணிய மாட்டார்கள். இணையத்தில் அதை நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறோம்.

உங்கள் பழைய தளத்துக்கு என்ன ஆயிற்று என்பதை இந்த வாரமே பாருங்கள். ஹூ-இஸ் என்னும் இலவசத் தேடலில் டொமைன் பெயரைத் தட்டினால், எந்தப் பதிவு நிறுவனத்தில் இருக்கிறது, எந்தத் தேதியில் காலாவதி ஆகிறது என்பது தெரியும். உரிமையாளரின் பெயர் மறைக்கப்பட்டிருக்கலாம். தேதி தெரிந்தால் போதும். டாட் காம் பெயராக இருந்தால், காலாவதிக்குப் பிறகு அதிகபட்சம் 45 நாள்வரை சாதாரணமாகப் புதுப்பிக்க இடமுண்டு, இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பெயர் நீக்கப்பட்டபின் 30 நாள் மீட்புக் காலம். அப்போது கட்டணம் பல மடங்கு. அதன்பின் 5 நாளில் பெயர் யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கும். இப்படி விடுபடும் பழைய பெயர்களை வாங்குவதற்கென்றே காத்திருப்பவர்கள் உண்டு. கொஞ்ச நாளில் அதே முகவரியில் சூதாட்ட விளம்பரம் ஓடும், உங்கள் பாட்டிலைப் பார்த்துவிட்டுத் தட்டுபவர் அங்கே போய் நிற்பார். ஆகவே பழையவரைத் தெரிந்தவர் மூலமாகவே பிடித்து, பெயரை உங்கள் கணக்குக்கு மாற்றுவதற்கான குறியீட்டைக் கேளுங்கள். நியாயமான பாக்கி ஏதேனும் இருந்தால் கொடுத்து வாங்கிவிடுங்கள்.

அவர் மறுத்தால் வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது உங்களைப் போன்றவர்களுக்காகப் போடப்பட்ட வழியன்று. டாட் இன் பெயர்களை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பில் நடுவர் மூலம் தீர்க்கும் ஏற்பாடு 2005 முதல் இருக்கிறது. அதில் வெல்ல வேண்டுமானால், அந்தப் பெயரில் உங்களுக்கு முன்பே உரிமை இருந்தது, எதிராளிக்கு எந்த உரிமையும் இல்லை, அவர் தீய நோக்கத்தோடு வைத்திருக்கிறார் என்ற மூன்றையும் நீங்கள் நிறுவ வேண்டும். வர்த்தக முத்திரையும் வழக்கறிஞரும் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்கு இது பொருந்தும். பில் கொடுத்தவர், பணம் கட்டியவர், யாருடைய கடை என்ற மூன்றையும் பதிவு செய்யும்போதே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு விதி இருந்தால் இந்தச் சண்டையே எழாது. அதைச் செய்ய யாருக்கும் அக்கறை இல்லை. பழையவர் பெருந்தொகை கேட்டால் பேரம் பேசி நாளைக் கழிக்காதீர்கள். சற்று மாறிய புதுப் பெயரை உங்கள் பெயரில் பதிவு செய்து, லேபிளை மாற்றுவதே மலிவு.

இனி, நம் எல்லைப் பகுதியில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ இருக்கும் ஒருவர் ஆர்டர் பிடிப்பார். கமிஷனை எடுத்துக்கொண்டு வேலையைத் திருவனந்தபுரத்தில் இருக்கும் ஒருவரிடம் தள்ளிவிடுவார். அவர் அதை வீட்டிலிருந்து வேலை செய்யும் வேறொருவரிடம் கொடுப்பார். செய்கிறவருக்கு உங்களைத் தெரியாது, உங்களுக்கு அவரைத் தெரியாது. நடுவில் பணத் தகராறு வந்தால் தளத்தை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் யாரிடம் போய்க் கேட்பது? இந்தத் தொழிலுக்கு உரிமமோ கட்டாயப் பதிவோ கிடையாது. லேப்டாப் இருக்கும் எவரும் போர்டு மாட்டலாம். ஆகவே, வேலையைச் செய்யப்போகிறவர் யார் என்று கேட்டு அவரோடு ஒருமுறை நேரில் பேசுங்கள். ஏற்கெனவே செய்து கொடுத்த தளங்களைப் படமாகக் காட்டினால் போதாது. அந்தக் கடைக்காரர்களின் எண்ணை வாங்கி, ‘விலையை மாற்றச் சொன்னால் எத்தனை நாளாகிறது, டொமைன் யார் பெயரில் இருக்கிறது’ என்று அவர்களிடமே கேளுங்கள். ஜி.எஸ்.டி. கேட்பவரிடம் அவரது எண்ணை வாங்கி அரசு இணையதளத்தில் சரிபாருங்கள். தமிழ்நாட்டு எண் 33 என்றும் கேரள எண் 32 என்றும் தொடங்கும். எண் இல்லாதவர் வரி வசூலிக்க முடியாது.

‘காசு கொடுத்துச் செய்தால் எல்லாம் நம்முடையதுதானே’ என்ற நம்பிக்கையும் தவறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியாள் ஒருவர் உங்களுக்காக எழுதும் நிரலின் முதல் உரிமையாளர் எழுதியவரே. அது உங்களுக்கு வர வேண்டுமானால் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அந்த எழுத்திலும் காலத்தைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே மாற்றித் தந்ததாகச் சட்டம் கொள்ளும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. உங்கள் தொழிலில் இதுதான் அதிகம் பயன்படும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். புகைப்படங்கள் அப்படியல்ல. உங்கள் கேட்பின்பேரில், நீங்கள் பணம் கொடுத்து ஒருவர் எடுத்த படத்துக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், நீங்களே முதல் உரிமையாளர். ரப்பர் தோட்டத்துத் தேன் பெட்டிகளையும், அடை பிழிவதையும், கருப்பட்டி காய்ச்சுவதையும் ஸ்டுடியோக்காரரை அழைத்துப் பணம் கொடுத்து எடுத்தால் அந்தப் படங்கள் உங்களுடையவை. இணையதளக்காரர் மாறினாலும் அவற்றை எடுத்துப் போகலாம். அதே படங்களை உங்கள் உறவுப் பையன் ஆசைக்காகப் பணம் வாங்காமல் எடுத்துக் கொடுத்தால் இந்த விதி பொருந்தாது. உரிமை அவனிடமே இருக்கும், எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பத்திரிகைக்காக எடுத்த படத்தில் வேறு கணக்கு. இணையதள நிறுவனம் கூகுளில் தேடி எடுத்து ஒட்டும் படத்திலோ உங்களுக்கும் உரிமை இல்லை, அவருக்கும் இல்லை. உண்மையான உரிமையாளர் நஷ்ட ஈடு கேட்டால் அந்தக் கடிதம் கடைக்காரரான உங்களுக்கே வரும். அதனால் படச் செலவைத் தனியாக நீங்களே செய்யுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

சில்லறை ஏமாற்றுகள் பல. முகவரியில் பாதுகாப்பான இணைப்பைக் காட்டும் பூட்டு அடையாளம் வர 3,000 ரூபாய் என்பார்கள். உங்கள் அளவிலான தளத்துக்கு லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு இலவசமாகத் தரும் சான்றிதழே போதும். கூகுள் வரைபடத்தில் கடையைச் சேர்க்கப் பணம் கேட்பார்கள். அதுவும் இலவசம், உங்கள் மின்னஞ்சலிலிருந்து நீங்களே சேர்த்து, வேண்டுமானால் அவர்களை மேலாளராக மட்டும் இணையுங்கள். கூகுளில் முதலிடம் உறுதி என்பவரை உடனே அனுப்பிவிடுங்கள். அப்படி யாராலும் உறுதி கொடுக்க முடியாது என்று கூகுளே சொல்கிறது. ‘இலவச இணையதளம்’ என்பதையும் நம்பியிருக்க வேண்டாம். கூகுள் வணிகப் பக்கத்தோடு இலவசமாகத் தந்த தளங்களை 2024 மார்ச்சில் அந்நிறுவனம் மூடியபோது, அதை மட்டும் நம்பியிருந்த கடைகளுக்குத் தளமே இல்லாமல் போயிற்று.

மலையாளத்தை மறக்காதீர்கள். நெய்யாற்றின்கரைக்காரர் தேடுவது மலையாளத்திலோ ஆங்கில எழுத்திலோதான். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டினால் உங்கள் கருப்பட்டி அங்கே வேறேதோ ஆகிவிடும். பாறசாலை வாடிக்கையாளர் ஒருவரையே படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழோ மலையாளமோ, எழுத்தைப் படமாக ஒட்டக் கூடாது, யூனிகோடு எழுத்தாகவே இருக்க வேண்டும். படத்துக்குள் இருக்கும் விலைப்பட்டியலைக் கூகுளில் தேடிக் கண்டுபிடிப்பது அரிது, நீங்கள் திருத்தவும் முடியாது.

தேன் விலை பருவத்துக்குப் பருவம் மாறுவது என்பதால், விலையை நீங்களே கைப்பேசியிலிருந்து மாற்ற முடியுமா என்பதைப் பணம் கொடுக்கும் முன் செய்து காட்டச் சொல்லுங்கள். வேர்ட்பிரஸ் போன்ற இலவச, பொது மென்பொருளில் செய்தால் நாளை வேறொருவர் தொடர முடியும். தங்கள் சொந்த மென்பொருளில்தான் செய்வோம் என்பவரிடம் மாட்டினால் வெளியே வர முடியாது. தளத்திலேயே பணம் வாங்கும் வசதி இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஐந்து பக்கமும் ஒரு வாட்ஸ்அப் பொத்தானும் போதும். நீங்கள் ஜி.எஸ்.டி.யில் சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் வரி கட்டுகிறவரானால் வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்கவே அனுமதி இல்லை, பாறசாலை எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அது வெளி மாநிலம்தான். ஆடிட்டரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இவ்வளவும் கேட்டபின் தொகைக்கு வரலாம். 7,000 பெரும்பாலும் முதல் ஆண்டுக்கு மட்டுமானது. இரண்டாம் ஆண்டு எவ்வளவு என்று கேளுங்கள். 45,000 கேட்பவரிடமும் மூன்று ஆண்டுகளுக்கான மொத்தச் செலவை, பராமரிப்பு உட்பட, எழுத்தில் வாங்குங்கள். உங்கள் ஐந்து பக்கத் தளத்துக்கு 45,000 அதிகம். பாதியில் பேசி முடிக்கப் பாருங்கள். பணத்தை மூன்று தவணையாகப் பிரித்து, கடைசித் தவணையை ஹோஸ்டிங் கணக்கு, நிர்வாகக் கடவுச்சொல், தளத்தின் முழு நகல் மூன்றும் உங்கள் கைக்கு வந்தபின் கொடுங்கள்.

கொட்டேஷனின் அடியில் சிறிய எழுத்தில் ‘திருவனந்தபுரம் நீதிமன்ற எல்லைக்கு மட்டுமே உட்பட்டது’ என்று இருந்தால் அதை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். இல்லையென்றால் சிறு தொகைக்கும் எல்லை தாண்டி வழக்காட நேரும். சொந்தப் பிழைப்புக்காக நீங்களே உழைத்து நடத்தும் கடை என்பதால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உங்களுக்கு இடம் கிடைக்கலாம்; புகாரை நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, கொடுக்கலாம். அதற்கும் ரசீதும் எழுத்திலான ஒப்பந்தமும் கையில் இருக்க வேண்டும்.