டூப்ளிகேட்டில் ஒரிஜினல்

கேள்வி: நல்ல பழைய படங்களை எல்லாம் ரீமேக் என்ற பெயரில் எடுத்து, கிராபிக்ஸைக் கொட்டிக் கெடுக்கிறார்களே! எதிரே ஆளே இல்லாமல் பச்சைத் துணிக்கு முன்னால் நின்று நடிப்பதெல்லாம் ஒரு நடிப்பா? 1958-ல் வந்த ஒரிஜினல் 'உத்தம புத்திரன்' போல இனி ஒரு படம் வருமா?
- பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கும் வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: டூப்ளிகேட் சாமான்களுக்குப் பேர்போன பர்மா பஜாருக்கு ஒரே பஸ்ஸில் போய்விடுகிற தூரத்தில் குடியிருந்துகொண்டு 'ஒரிஜினல்' என்ற சொல்லை இவ்வளவு நம்பிக்கையோடு எழுதுகிறீர்களே, அதைச் சொல்லுங்கள் முதலில்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் டேப்ரெக்கார்டர் வாங்கப் போனேன். பெட்டியின் மேல் ஜப்பான் கம்பெனிப் பெயர், ஆனால் ஒரு எழுத்து கூடுதல். "என்னங்க, டூப்ளிகேட்டா?" என்றேன். கடைக்காரர் கோபப்படவே இல்லை. "டூப்ளிகேட்ல நாலு வெரைட்டி கீது சார், இது டூப்ளிகேட்லயே ஒரிஜினல்" என்றார். அந்த வாக்கியத்துக்காகவே வாங்கினேன். நாலு மாதம் நன்றாகப் பாடியது, அப்புறம் கேசட்டைத் தின்ன ஆரம்பித்தது.

உங்கள் 1958 படமும் அந்த வகைதான். 1940-லேயே மாடர்ன் தியேட்டர்ஸ் அதே பெயரில் பி.யு.சின்னப்பாவை இரட்டை வேடத்தில் போட்டு எடுத்துவிட்டது. சரி, அதுவாவது ஒரிஜினலா என்றால், அலெக்சாண்டர் டூமாவின் இரும்பு முகமூடிக் கதையைப் பிரான்ஸிலிருந்து இறக்கித் தலைப்பாகை கட்டிவிட்டது. 2010-ல் மூன்றாவதாக ஒரு 'உத்தம புத்திரன்' வந்தது. அது 'ரெடி' என்ற தெலுங்குப் படத்தின் ரீமேக், இங்கே இருந்து எடுத்துக்கொண்டது தலைப்பை மட்டும்! ரீமேக் கூடாது என்கிற நாம்தான் சாயங்காலமானால் செகண்ட் லைன் பீச் ரோட்டில் தட்டோடு நின்று அத்தோ சாப்பிடுகிறோம். பர்மாவிலிருந்து திரும்பிய ஜனங்கள் கொண்டுவந்தது. ஆரஞ்சு நிற நூடுல்ஸில் கோஸும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள், கூடவே வாழைத்தண்டு சூப். ரங்கூனில் இதே ருசிதானா என்று இதுவரை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பச்சைத் துணிக்கு வருகிறேன். அந்தக் கால இரட்டை வேடக் காட்சிகளை எப்படி எடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? லென்ஸில் பாதியை மறைத்து ஒருவராக நடிக்க வைத்து, பிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியை மறைத்து, உடை மாற்றி வந்த அதே ஆளை இன்னொருவராக நடிக்க வைப்பார்கள். கேமரா ஒரு நூல் அசைந்தாலும் நடுவில் கோடு விழுந்துவிடும். தம்பியிடம் சீறுகிற அண்ணனுக்கு எதிரே தம்பி கிடையாது, வெறும் காற்றுதான். துணிகூட இல்லை.

ஆகவே தந்திரம் புதிதில்லை. 1933 'கிங் காங்'கை உற்றுப் பாருங்கள், காற்றே இல்லாத இடத்தில் குரங்கின் ரோமம் சிலிர்க்கும். முயல் தோல் போர்த்திய பொம்மை அது. பிரேம் பிரேமாக அதை நகர்த்தியவர்களின் விரல் பட்ட தடம் அது. 'மாயா பஜார்' (1957) லட்டும் அப்படித்தான். கல்யாண சமையல் சாதம் பாட்டில் லட்டு தானாகப் பறந்து வந்து கடோத்கசனாக நடிக்கும் ரங்காராவின் வாய்க்குள் விழுகிறது. நான் லட்டைப் பார்ப்பதே இல்லை. அது வரும் நேரம் தெரிந்து வாயைத் திறக்கிற அந்த மனிதரின் கன்னத்தைத்தான் பார்க்கிறேன், பார்த்துவிட்டு எனக்கே பசிக்கிறது. மார்கஸ் பார்ட்லி கேமராவில் அத்தனை வித்தை காட்டியதும் கடோத்கசனுக்குப் பசி என்ற ஒரே விஷயத்துக்காக. இன்றைக்குத் திரையில் முப்பதாயிரம் போர்வீரர்கள் நிற்கிறார்கள், ஒருத்தனுக்காவது தாகம் எடுத்து நான் பார்க்கவில்லை.

ஆனால் கம்ப்யூட்டர்மேல் எனக்கு உண்மையான கோபம் வேறு. இந்தப் பக்கத்தில் பத்துத் தடவை எழுதியிருக்கிறேன், இது பதினொன்று. வடசென்னையில் கதை நடந்தால் போதும், படம் முழுக்க ஒரு காவி நிறத்தை அள்ளிப் பூசிவிடுகிறார்கள். கடல் காவி, சுவர் காவி, மீன் காவி, கேரம் போர்டு ஆடுகிறவன் முகமும் காவி. அதே படத்தில் ஹீரோ வெளிநாட்டுக்குப் பாடப் போனால் மட்டும் வானத்துக்கு நீலம் வந்துவிடும்! டைனோசரைச் செய்கிற மெஷினுக்கு ராயபுரத்தில் ஒரு காலை வெயிலைச் செய்யத் தெரியாதா? ஒரு முறை இதை ஒரு உதவி இயக்குநரிடம் கேட்டேன். "ரியலா இருக்கணும்ல சார்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் ஏலம் முடிகிற நேரத்துக்குப் போயிருந்தேன். வஞ்சிரம் விலை கேட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தேன். நீலமாகத்தான் இருந்தது.