தேங்காய் ஒரு மூலை, மெஷின் ஒரு மூலை: போர் எங்கே போடுவது?

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இரண்டு ஏக்கர், 140 தென்னை. தாத்தா காலத்து வட்டக் கிணறு, இருபதடி விட்டம், நாற்பத்தைந்து அடி ஆழம். பங்குனி பிறந்தால் முழங்கால் தண்ணீர்தான். மோட்டார் போட்டால் அரை மணி நேரத்தில் காற்று இழுக்கிறது. நீரோட்டம் பார்க்க வந்த பெரியவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்து, ஈசானிய மூலையில் நின்றுவிட்டார். மகன் மதுரையிலிருந்து கூட்டிவந்த மெஷின்காரரோ தென்மேற்கில் கம்பி ஊன்றி, 620 அடியில் தண்ணீர் என்று கலர் படம் கொடுத்திருக்கிறார். பக்கத்துத் தோட்டத்தில் 700 அடி ஓட்டியும் புழுதிதான் பறந்ததாம். "கையில் ஒரு போருக்குத்தான் காசு இருக்கிறது ஐயா. யாரை நம்புவது? எத்தனை அடி போடுவது?"

முதலில் பெரியவர். அவரைக் கிண்டல் செய்ய எனக்கு மனமில்லை. நாற்பது வருடம் காடு கரை சுற்றியவருக்கு மேடு எது, பள்ளம் எது, எந்த மரம் கோடையிலும் வாடாமல் நிற்கிறது என்பது கண்ணிலேயே இருக்கும். தேங்காய் நிமிர்வதற்கு முன்பே கால் அங்கே போய் நின்றுவிடும். ஆனால் தேங்காய்க்கோ குச்சிக்கோ தனியாக ஏதும் தெரியுமா என்றால், சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் மியூனிக் அருகே 1987, 88இல் ஒரு தானியக் கொட்டகையின் கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, மேல்தளத்தில் குச்சி பிடித்து நீரோட்டம் பார்ப்பவர்களை நடக்கவிட்டார்கள். ஐந்நூறு பேர் அளவில் பார்த்து, தேறியவர்கள் என்று 43 பேரைப் பொறுக்கி, அவர்களை வைத்து 843 முறை சோதனை. சிலருக்குத் திறமை இருக்கிறது என்றுதான் நடத்தியவர்கள் அறிவித்தார்கள். அதே எண்களை 1999இல் ஜிம் என்ரைட் என்ற ஆய்வாளர் மறுபடி அலசினார். கண்ணை மூடிக்கொண்டு குத்துமதிப்பாகச் சொல்வதைவிட அது மேலில்லை என்று எழுதினார். ஒரு தடவை சரியாகச் சொன்னவர் அடுத்த தடவை சொதப்பியிருந்தார்.

சரி, மெஷின்? மெஷின் என்று பொதுவாகச் சொன்னால் போதாது, என்ன மெஷின் என்று கேட்க வேண்டும்.

நிலத்தடி நீர் ஆய்வுத் தொழிலில் இருக்கும் நாங்கள் காலங்காலமாகச் செய்வது மின்தடை ஆய்வு. நேர்கோட்டில் நான்கு இரும்பு முளைகளைச் சுத்தியலால் அடித்து இறக்குவோம். மண் காய்ந்திருந்தால் ஒவ்வொரு முளையடியிலும் அரைச் செம்பு தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் இறங்காது. வெளி முளை இரண்டின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி, உள் முளை இரண்டுக்கு நடுவே மின்னழுத்தம் பார்ப்பது. ஒருவர் எண்ணைக் கத்திச் சொல்ல, மற்றவர் தாளில் குறிப்பார். அப்புறம் வெளி முளைகளைப் பிடுங்கி இன்னும் தள்ளி அடிப்பது. முளை தள்ளத் தள்ள மின்சாரம் ஆழமாக இறங்கும். ஈரமான சிதைந்த பாறை என்றால் சில பத்திலிருந்து இருநூறு, முந்நூறு ஓம்-மீட்டர் (மின்தடையை அளக்கும் அலகு) வரை காட்டும். உடையாத பாறை ஆயிரத்தைத் தாண்டும். ஆனால் களிமண்ணும் உப்புத் தண்ணீரும்கூடக் குறைவாகத்தான் காட்டும். தொழிலுக்கு வந்த புதிதில் திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கரிசல் காட்டில் பத்து ஓம்-மீட்டருக்குக் கீழே எண் வந்ததும் குதித்துக்கொண்டு இடம் குறித்துக் கொடுத்தேன். தண்ணீர் வந்தது. மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இதில் உங்களுக்கு முக்கியமானது வயரின் நீளம். வெளி முளைகளுக்கு இடையே 200 மீட்டர் இழுத்தால், தைரியமாகச் சொல்லக்கூடிய ஆழம் 50 முதல் 70 மீட்டர், அதாவது 160லிருந்து 230 அடி. 620 அடிக்குச் சொல்ல வேண்டுமென்றால் அரை கிலோமீட்டருக்கு மேல் வயர் ஓட வேண்டும். உங்கள் இரண்டு ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 90 மீட்டர்தான். நாலு தோட்டம் தாண்டி, வேலி தாண்டி, அவர் வயர் இழுத்தாரா? இழுத்தாலும்கூட, அத்தனை ஆழத்தில் இருக்கும் விரல் அகல வெடிப்பு தரைக்கு மேலிருந்து தெரியாது. முளை வழியே மின்சாரம் எதையும் செலுத்தாமல், இரண்டு கம்பியை ஊன்றினால் செல்போனில் படம் விழும் கருவிகளும் இப்போது சுற்றுகின்றன. அவை பூமியில் இயல்பாகவே இருக்கும் மின்காந்த அலைகளைப் பிடிப்பவை. மின்கம்பியும் மோட்டாரும் நிறைந்த தோட்டத்தில் எளிதில் குழம்பும். படம் அழகாக இருக்கும். 620 என்று துல்லியமாக வந்து விழும் எண்ணைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன்.

இப்போது பாறைக்கு வருவோம். வைகைக் கரையோர வண்டல் நீங்கலாக மதுரை மாவட்டம் பெரும்பாலும் கெட்டிப் பாறைதான். 'அடியில் ஆறு ஓடுது' என்பதெல்லாம் பேச்சுக்கு. பாறைக்குள் தண்ணீர் நிற்க இரண்டே இடம்: மேலே மக்கிச் சிதைந்திருக்கும் பகுதி, அதற்குக் கீழே வெடிப்புகள். ஆழம் போகப் போக மேலிருக்கும் பாரம் அமுக்குவதால் வெடிப்புகள் குறைந்து, இருப்பவையும் இறுகிவிடும். முந்நூறு, முந்நூற்றைம்பது அடிக்குள் ஒன்றுமே தட்டாத துளை அதற்குக் கீழே கொடுக்காது என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த ஆழத்தைத் தாண்டினால் அடிக்கு ரேட்டும் ஏறும், வாய்ப்பும் குறையும். பக்கத்துத் தோட்டத்தின் 700 அடி அந்தக் கணக்கில் போனதுதான்.

பாறையிலும் ஜாதி உண்டு. உங்கள் மேலூர்ப் பக்கம் வெளிர் நிறத்தில் வரி வரியாக ஓடும் நைஸ், கிரானைட் வகைகள் அதிகம். மாவட்டத்தில் வேறு பல இடங்களில் சார்னோக்கைட் என்னும் கரும்பாறை. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லாகக் கிடந்ததும் இந்த வகைதான், அதை வைத்தே தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் பெயர் சூட்டினார். அந்தக் கல் சென்னைப் பல்லாவரத்துப் பக்கம் வெட்டியது. பூமிக்கு வெகு ஆழத்தில், கடும் சூட்டில், தண்ணீரே இல்லாத சூழலில் விளைந்த பாறை அது. மக்குவதும் மெதுவாகத்தான். மத்திய அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டு முறையில், பெய்யும் மழையில் களி குறைந்த சிதைந்த நைஸ் நூற்றுக்குப் 11 பங்கை உள்ளே விடும் என்றும், சார்னோக்கைட் 5 பங்குதான் என்றும் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

உங்கள் நிலத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு 850 மில்லிமீட்டர் மழை என்று வைத்தால், இரண்டு ஏக்கரில் விழுவது சுமார் 69 லட்சம் லிட்டர். 11 பங்கு என்றால் ஏழரை லட்சம் உள்ளே இறங்கும். தென்னைக்குச் சொட்டு நீரில் வெயில் காலத்தில் நாளுக்கு 60 லிட்டர் என்றால் 140 மரத்துக்கு 8,400 லிட்டர். ஆக உங்கள் நிலத்தில் இறங்கும் மழை தொண்ணூறு நாளைக்குத்தான் வரும். மீதி நாளெல்லாம் கண்மாயும் பெரியாறு கால்வாய்க் கசிவும் பக்கத்துக்காரர் நிலமும் போடும் பிச்சை. போரை எத்தனை ஆழமாக்கினாலும் இந்த வரவு கூடாது. அதனால் எங்கே போடுவது என்பதற்கு என் பதில், கண்மாய்க் கரைக்குக் கீழ்ப்புறம் உங்கள் நிலத்தில் தாழ்ந்த பக்கம் எதுவோ அங்கே. பாறை தலைநீட்டும் மேட்டில் வேண்டாம். வரப்பில் வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ் என்னும் வெள்ளைக் கல்) சில்லுகள் ஒரே கோடாகச் சிதறிக் கிடந்தால், அந்தக் கோட்டை நடந்து பாருங்கள். பாறை பிளந்த இடத்தில் வெங்கச்சங்கல் நரம்பாக ஏறியிருக்கலாம், அதன் ஓரம் நொறுங்கியிருக்கும். இஸ்ரோவின் புவன் தளத்தில் செயற்கைக்கோள் படத்தை வைத்து 1:50,000 அளவில் போட்ட நிலத்தடி நீர் வாய்ப்பு வரைபடம் இருக்கிறது, மகனை விட்டுத் திறக்கச் சொல்லுங்கள். அந்த அளவில் உங்கள் தோட்டம் இரண்டு மில்லிமீட்டர்கூட வராது. ஆனால் ஊரின் குறுக்கே வெடிப்புக் கோடு ஏதும் போகிறதா என்று தெரியும். ஆய்வுக்கு வேளாண் பொறியியல் துறையைக் கேளுங்கள், விவசாயிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் மின்தடை ஆய்வு செய்து தருகிறார்கள்.

போர் போடும் நாளில் போர் வண்டிக்காரரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: பத்தடிக்கு ஒரு குவியல் என்று தூளை வரிசையாகப் போட வேண்டும். காபி குடிக்கப் போகாமல் பக்கத்தில் நில்லுங்கள். மாவு மாதிரி சாம்பல் நிறத்தில் பறந்தால் உடையாத பாறை. தூளுக்குப் பதில் சில்லு விழுந்து, சில்லின் முகத்தில் துருக் கறை தெரிந்தால், அந்த வெடிப்பில் தண்ணீர் நடந்திருக்கிறது. 'ரெண்டு இஞ்ச் தண்ணி' என்றால் எதில் அளந்தது என்று கேளுங்கள். முறையாக அளப்பது வி வடிவில் வெட்டிய தகட்டில், வெட்டின் வழியே வழியும் தண்ணீரின் உயரத்தை. தொண்ணூறு பாகை வெட்டில் ஒரு இஞ்ச் என்றால் மணிக்கு 500 லிட்டர், இரண்டு இஞ்ச் என்றால் 2,900, மூன்று இஞ்ச் என்றால் கிட்டத்தட்ட 8,000. இரண்டு இஞ்ச் கிடைத்து, கம்ப்ரசர் ஒரு மணி நேரம் ஓடியும் குறையாமல் நின்றால், உங்கள் 140 மரத்துக்கு மூன்று மணி நேர ஓட்டம் போதும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். இன்னும் நூறு அடி போனால் நாலு இஞ்ச் வரும் என்று சொல்வார்கள். கார்த்திகை மழை முடிந்த கையோடு போடாதீர்கள், வைகாசியில் போடுங்கள். கோடையில் வரும் தண்ணீர்தான் மெய்யான தண்ணீர்.

தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கும்போது ஃபுளோரைடும் பார்க்கச் சொல்லுங்கள். கிரானைட் வகைப் பாறையில் ஃபுளோரைடு உள்ள கனிமங்கள் உண்டு, ஆழத்தில் வெகுநாள் கிடந்த தண்ணீரில் ஊறிச் சேரும். குடிக்க லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. தென்னைக்குக் கவலையில்லை, வீட்டுக்கும் அதே குழாய் என்றால் கவலை.

இவ்வளவும் போர் போட்டே ஆக வேண்டும் என்றால்தான். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் கண் அந்தக் கிணற்றில்தான் போய் நின்றது. இருபதடி வட்டத்தில் ஒரு அடி உயரத் தண்ணீர் என்பது 8,900 லிட்டர். நீங்கள் அலுத்துக்கொண்ட முழங்கால் தண்ணீர், ஒன்றரை அடி என்று வைத்தால், பதின்மூன்றாயிரம் லிட்டருக்கு மேல். வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சினால் நாலு மரம் தாண்டாது, அரை மணியில் காற்று இழுக்கத்தான் செய்யும். சொட்டு நீரில் விட்டால் 140 மரத்துக்கும் கொடுத்து மிச்சம் நிற்கும். ஆனால் அந்த முழங்கால் தண்ணீர் தினமும் ஊறுகிறதா, மூன்று நாளைக்கு ஒரு முறை ஊறுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அதில்தான் எல்லாம் இருக்கிறது.

மேலே சிதைந்த பாறையில் நிற்கும் தண்ணீரை வாங்க, அகலக் கிணறு மாதிரி வேறு எதுவும் இல்லை. போரில் அந்த ஆழம் முழுக்கக் கேசிங் பைப் இறக்கி மூடிவிடுவார்கள். கிணற்றில் ஊற்றுக்கண் எந்தப் பக்கம் கசிகிறது என்று மேலிருந்தே பாருங்கள், தனியாக உள்ளே இறங்காதீர்கள். அந்தப் பக்கமாகச் சைடு போர், அதாவது கிணற்றுச் சுவரில் பக்கவாட்டில் துளை, ஓட்டினால் இரண்டு, மூன்று துளையிலேயே ஊற்று கூடின கிணறுகளைப் பார்த்திருக்கிறேன். செலவு 600 அடி போருக்குப் பக்கத்தில்கூட வராது. ஐந்து ஏக்கருக்குள் வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிக்குச் சொட்டு நீர் அமைக்க அரசு நூறு சதவீத மானியம் தருகிறது.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல் கட்டுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கிணற்றை அடிவரை இறைத்துவிட்டு, கயிற்றை விட்டு அளந்து எழுதிவையுங்கள். காலை ஆறு மணிக்கு மறுபடி அளங்கள். மூன்று நாள் இப்படி. ஓரடிக்கு மேல் ஊறியிருந்தால் வண்டிக்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அரையடிக்குக் கீழே என்றால் எனக்கு எழுதுங்கள், தென்மேற்கா ஈசானியமா என்று அப்போது உட்கார்ந்து பேசலாம்.