பட்டமளிப்புக்கு அப்பா வேட்டியில வரலாமா?

எம்.காம். படிக்க மும்பைக்கு வந்து ரெண்டு வருஷமான ஒரு தம்பி கேட்டிருக்கார்: "கல்லூரியில பட்டமளிப்பு விழா வரப்போகுது. அம்மா அப்பா சங்கரன்கோவில்ல இருக்காங்க, மதுரையைத் தாண்டினது இல்ல, ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. கூட்டிட்டு வரலாமா, இல்ல சர்டிபிகேட்டை ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டினா போதுமா? அப்பா வேட்டியிலதான் வருவேங்கிறார், இங்க அது சரியா இருக்குமா? வேற என்ன ஏற்பாடு பண்ணணும்?"

கூட்டிட்டு வாங்க தம்பி. வேட்டியிலயே வரட்டும். ஆனா நீங்க கேக்காத ஒண்ணு இருக்கு, முதல்ல அதைச் சொல்லிடுறேன். சர்டிபிகேட்ல உங்க பேரு எப்படி வரப்போகுதுன்னு பாத்தீங்களா?

நான் 1991-ல கல்யாணமாகி கோவில்பட்டிப் பக்கத்துலேர்ந்து தாராவிக்கு வந்தவ. வீட்டுக்காரருக்கு இஸ்திரிக் கடை. எங்க ரெண்டு பேர் குடும்பத்துலயும் முதல் டிகிரி எங்க மகதான், பி.எஸ்ஸி. விழாவுக்கு ஒரு மாசம் முன்னாடியே புடவை எடுத்தாச்சு, ஜாக்கெட் தைக்கக் குடுத்தாச்சு, ஊர்லேர்ந்து எங்கம்மாவும் வந்தாச்சு. பேரை மட்டும் யாரும் பாக்கல.

இந்த ஊர் ஃபார்ம்ல பேருக்கு நாலு கட்டம் இருக்கும். குடும்பப் பேரு, சொந்தப் பேரு, அப்பா பேரு, அம்மா பேரு. முதல் கட்டத்துல எழுத இந்த ஊர்க்காரங்களுக்கு ஜாதவ், பாட்டீல், கதம்னு ஏதாவது ஒண்ணு இருக்கு. நமக்கு என்ன இருக்கு, ஒரு இனிஷியல். மக பதினொண்ணாவது சேரும்போது, 'சர்நேம் காலியா விடக்கூடாது'ன்னு சொல்லிட்டாங்க. அவளும் அப்பா பேரை முதல் கட்டத்துலயும் எழுதி, மூணாவது கட்டத்துலயும் எழுதிட்டா. அதுவே பன்னிரண்டாவது மார்க் ஷீட்ல ஏறி, அங்கேர்ந்து காலேஜுக்கும் போயிடுச்சு. அப்பா பேரு, அவ பேரு, மறுபடி அப்பா பேரு, கடைசியில என் பேரு. படிச்சது அவ, நடுவுல ஒரு ஓரமா அவ.

இன்னொரு கூத்து, பட்டத்துல பேரு மராத்தி எழுத்துலயும் வரும். என் மக பேரு 'மொழி'ன்னு முடியிற பேரு. ஆங்கிலத்துல இஸட் எச்சுன்னு எழுதியிருக்கோம்ல, அதைப் பாத்து 'மோஜி'ன்னு அடிச்சுட்டாங்க. மராத்தியில ழகரம் கிடையாது, நியாயம்தான். ஆனா ளகரம் இருக்கு தம்பி, ஹிந்தி மாதிரி இல்ல. 'மொளி'ன்னாவது போட்டிருக்கலாம், யாரும் கேட்டிருந்தா. நாங்க கேக்கல. உங்க பேருல ழ இருந்தா, ஃபார்ம்ல மராத்திக் கட்டம் வந்த உடனே மராத்தி தெரிஞ்ச கூட்டாளி ஒருத்தரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எழுதுங்க. இனிஷியலை எப்படி விரிச்சு எழுதினாலும் பாஸ்போர்ட்லயும் ஆதார்லயும் அதே மாதிரி இருக்கட்டும். அச்சாகி வந்த பிறகு மாத்தணும்னா அஃபிடவிட், அரசிதழ்னு ஒரு நடை ஓயாத வேலை. மகளுக்கு வெளிநாட்டுக் கம்பெனி ஒண்ணுல வேலை கிடைச்சப்ப அதுக்காக நாங்க மூணு மாசம் அலைஞ்சோம்.

சரி, தேதி விஷயம். தென் மும்பை ஃபோர்ட்ல இருக்கிற யுனிவர்சிட்டி மண்டபத்துல நடக்கிற பெரிய விழாவுல பெரும்பாலும் முனைவர் பட்டக்காரங்களும் மெடல் வாங்கினவங்களும்தான் மேடையேறுவாங்க. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அவங்கவங்க காலேஜ்லதான் பட்டம் குடுப்பாங்க. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யூஜிசியோட 2008 விதி, தகுதி பெற்ற 180 நாளைக்குள்ள பட்டம் குடுக்கணும்னு சொல்லுது. காலேஜ் விழாத் தேதியோ பல சமயம் ரெண்டு மூணு வாரம் முன்னாடிதான் தெரியும். ரயில் ரிசர்வேஷன் 60 நாள் முன்னாடியே திறந்துடும். 2024 நவம்பருக்கு முன்ன 120 நாளா இருந்தது, அதுக்கு இது தேவலை. தாதர் – திருநெல்வேலி சாளுக்கியாவும், நெல்லை மதுரை வழியா வர்ற நாகர்கோவில் – மும்பை வண்டியும் தினசரி கிடையாது, அதனால சீட்டு சீக்கிரம் போயிடும். அதனால ஒண்ணு செய்யுங்க. ஆபீஸ்ல இருக்கிற பியூன் அண்ணன்கிட்ட, 'போன வருஷம் எந்த மாசம், எந்தக் கிழமை நடந்துச்சு'ன்னு கேளுங்க. பிரின்சிபாலை விட அவருக்குத்தான் நல்லாத் தெரியும். அந்த வாக்குல ஒரு தேதி வச்சு டிக்கெட் போட்டுருங்க. தள்ளிப் போச்சுன்னா கான்சல் பண்ணினா கொஞ்சம் பணம்தான் போகும். தத்கால நம்பி, வயசானவங்களை ஒன்றரை நாள் பயணத்துக்கு உக்கார வைக்காதீங்க. காலேஜ் நமக்கு அல்வா குடுத்தாலும் பரவாயில்ல, அம்மா அப்பா நிஜ அல்வாவோட வந்து சேரட்டும்.

தங்க வைக்க உங்க பி.ஜி.யில (பேயிங் கெஸ்ட் விடுதியில) விட மாட்டாங்க. லாட்ஜ் பாக்கிறதுக்கு முன்னாடி தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில் பக்கம் உங்க ஊர்க்காரங்க யாராவது இருக்காங்களான்னு விசாரிங்க. நெல்லைச் சீமையில பல ஊருக்கு இங்க ஊர்ச் சங்கம் இருக்கு. மகன் பட்டம் வாங்குறான்னு சொன்னா, பத்துக்குப் பத்து வீடா இருந்தாலும் பாய் விரிச்சுடுவாங்க. அம்மாவுக்கும் பேச ஆள் கிடைக்கும், அவங்களுக்கு அதுதான் முக்கியம்.

வேட்டிக்கு வர்றேன். 1960-கள் கடைசியில தென்னாட்டுக்காரங்களுக்கு எதிரா 'லுங்கி ஹடாவ்', அதாவது லுங்கியை விரட்டுன்னு கோஷம் போட்ட ஊருதான் இது. என் மாமனார் அப்ப இங்க மில் வேலையில இருந்தார். வேட்டியை மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டு, பேன்ட் போட்டுட்டு ஷிஃப்டுக்குப் போவாராம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினப்புறம்தான் வேட்டி கட்டுவாராம். அதைச் சின்ன வயசுல பாத்த என் வீட்டுக்காரர், மக விழா அன்னைக்கு பீரோவைத் திறந்து எட்டு முழ வேட்டியை எடுத்தார். நான் ஒண்ணும் சொல்லல. முந்தின நாள் ராத்திரி கவுன் வீட்டுக்கு வந்துச்சு, வாடகைக் கவுன், கசங்கிப்போய் பந்து மாதிரி. அதையும் அவரே தேய்ச்சார். (உங்களுக்கும் அப்படி வந்தா கவனம், அது பாலியஸ்டர். நேரா சூடு வச்சா இழுத்துக்கும், டெபாசிட் போச்சு. மேல ஒரு பழைய காட்டன் துண்டைப் போட்டுத் தேய்க்கணும்.) முப்பது வருஷமா அடுத்தவங்க துணியைத் தேய்ச்ச மனுஷன், அந்தக் கறுப்புத் துணியில அரை மணி நேரம் நின்னார். எங்கம்மா எட்டிப் பாத்துட்டு, "என்ன மாப்ள, வக்கீல் கோட்டா?"ன்னாங்க.

பாஸ் ரெண்டுதான் குடுத்தாங்க. அவரையும் அம்மாவையும் உள்ள உக்கார வச்சோம். நான் கேட்டாண்ட நின்னேன். காவலுக்கு இருந்த மராத்திக்காரப் பெரியவர் ஒரு பத்து நிமிஷம் பாத்துட்டு, 'பின்னால சுவரோரமா நில்லும்மா'ன்னு விட்டுட்டார். உங்களுக்கும் ரெண்டு பாஸ்தான் கிடைக்கலாம், அம்மா அப்பாவைத் தவிர வேற யாரும் வரலைன்னா தப்பிச்சீங்க.

மேடையில மைக்கைப் பிடிச்சிருந்த மேடம் குடும்பப் பேரை முதல்ல வச்சு வரிசையா வாசிச்சாங்க. காம்ப்ளே, குல்கர்ணி, லோண்டே. திடீர்னு என் வீட்டுக்காரர் பேரை வாசிச்சாங்க. மண்டபத்துக்கு நடுவுல ஒரு வெள்ளை வேட்டி எழுந்திரிச்சது. எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் ஓடல. 'மோஜி'ன்னு ஏதோ ஒரு பேரு, அதுக்குப் பின்னால மறுபடியும் அவர் பேரு. அவர் அங்கயும் இங்கயும் பாக்கிறார். எங்கம்மா அவர் கையைப் பிடிச்சுத் தள்ளி, "உங்களத்தான் கூப்பிடுதாக மாப்ள, போங்க"ன்னு சொன்னாங்களாம். அதுக்குள்ள மேடைக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து மக ஏறிப் போயிட்டா. அவர் உக்காரவே இல்ல. அவ பட்டத்தை வாங்கிட்டு இறங்குற வரைக்கும் அப்படியே நின்னார். பின்னால இருந்த ஒருத்தர் 'பைட்டோ, பைட்டோ'ன்னு சத்தம் போட்டார், கேக்கவே இல்ல. வெளிய வந்ததும், "பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எந்திரிக்காம என்ன செய்ய?"ன்னார். இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லிக் கிண்டல் பண்றோம். அவரும் சிரிப்பார்.

உடுத்துறதுல சின்னச் சின்னது சில. கவுனுக்கு மேல போடுற அந்தக் கலர் பட்டை பின்பக்கமா சரிஞ்சு கழுத்தை நெறிக்கும். ஆம்பளைங்க சட்டைப் பொத்தான்ல அதோட வளையத்தை மாட்டிக்கலாம். பொம்பளைப் பிள்ளைகன்னா நாலு ஊக்கு கண்டிப்பா வேணும். தொப்பிக்கு அடியில மல்லிகைப்பூ நிக்காது, கீழ இறக்கித்தான் வைக்கணும். 2019-ல யூஜிசி கைத்தறித் துணியில உடை தைக்கச் சொல்லி பல்கலைக்கழகங்களுக்கு எழுதிச்சு. சில இடத்துல அங்கவஸ்திரம் மட்டும் போடுறாங்க. உங்க காலேஜ்ல அப்படின்னா அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், மகனும் துண்டோட நிப்பான். காலையில ஒன்பது மணிக்கு லோக்கல் ரயில்ல மட்டும் அவங்களைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. பட்டுப்புடவை முந்தானை குர்லா ஸ்டேஷன்லயே இறங்கிடும். அன்னைக்கு ஒரு நாள் டாக்ஸி.

விழா முடிஞ்சதும் நேரா ஹோட்டலுக்கு ஓடாம, கவுனைத் திருப்பிக் குடுக்க நேரம் இருந்தா, ஓவல் மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்கேர்ந்து ராஜாபாய் கோபுரமும் யுனிவர்சிட்டி மண்டபமும் ஒரே படத்துல விழும். அப்பாகிட்ட சொல்லுங்க, நம்ம மெட்ராஸ் யுனிவர்சிட்டியும் இந்த யுனிவர்சிட்டியும் 1857-ல ஒண்ணாப் பிறந்தது, கல்கத்தாவையும் சேத்தா மூணு. கோபுரம் 280 அடி, 1878-ல முடிஞ்சது. பணம் குடுத்தவர் பிரேம்சந்த் ராய்சந்த், பருத்தி வியாபாரத்துல கொழிச்சவர். தன் அம்மா ராஜாபாய் பேரை வைக்கச் சொன்னார். மக இதைச் சொன்னப்ப எங்கம்மா தலையைத் தூக்கி ரொம்ப நேரம் பாத்தாங்க. கரிசக்காட்டுல பருத்தி எடுத்த கை அவங்களுது. "பருத்தி வித்த துட்டுலயா இம்புட்டு ஒசரம்? எடுத்தவளுக்கு ஒரு படிக்கட்டாவது இருக்கா?"ன்னாங்க. நல்லவேளை, யாரும் பதில் சொல்ற மாதிரி இல்ல, சுண்டல்காரன் வந்துட்டான்.

சாப்பாட்டுக்கு மாட்டுங்காதான். ஸ்டேஷன் பக்கத்துல 1942-லேர்ந்து நடக்கிற ராம நாயக் உடுப்பியில வாழையிலைச் சாப்பாடு போடுவாங்க. நம்ம ஊர்க் காரம் இருக்காது, ரசம் கொஞ்சம் இனிக்கும், ஆனா அம்மாவுக்கு இலையைப் பாத்தாலே வயிறு அடங்கிடும். கூட்டாளிகளுக்குப் பெரிய பார்ட்டி எல்லாம் கடன் வாங்கி வைக்காதீங்க. இந்த ஊர்ல பாஸ் பண்ணினா பேடா குடுக்கிறது வழக்கம். ஒரு கிலோ வாங்கி, பி.ஜி. வாட்ச்மேன், மெஸ் அக்கா, அந்த பியூன் அண்ணன், எல்லாருக்கும் உங்க அம்மா கையால குடுக்கச் சொல்லுங்க. ஹிந்தி தெரியாதுன்னு கவலைப்படுறீங்களே, பேடா நீட்டுறதுக்கு ஹிந்தி எதுக்கு? புரொபசருக்கு மட்டும் திருநெல்வேலி அல்வா குடுத்துட்டு, நம்ம ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு சொல்லாம வந்துருங்க.

அப்புறம், சர்டிபிகேட்டை லேமினேஷன் பண்ணாதீங்க. நம்ம ஆளுங்களுக்குக் கைக்கு வந்த உடனே அது ஒரு பழக்கம். பின்னாடி வெளிநாட்டு வேலைக்கு அட்டெஸ்டேஷன்னு போனா, பிளாஸ்டிக் மேல சீல் குத்த முடியாதுன்னு திருப்பி அனுப்புவாங்க. தடிமனான ஃபோல்டர் ஒண்ணு போதும், இங்க மழையில பீரோவுக்குள்ளயே ஈரம் ஏறும், அதனால மேல் தட்டுல வைங்க. அரசாங்கத்தோட ஆன்லைன் ஆவணப் பெட்டி டிஜிலாக்கர்ல வந்திருக்கான்னும் பாத்துக்கங்க.

எங்க வீட்டு 'மோஜி' சர்டிபிகேட்டும் அந்த மேல் தட்டுலதான் இருக்கு. பேரை அரசிதழ்ல திருத்தினதுக்கப்புறம், புதுசு ஒண்ணுக்கு எழுதிப் போடலாமான்னு மக கேட்டா. அவங்க அப்பா வேண்டாம்னுட்டார். அவர் பேரு அதுல ரெண்டு தடவை இருக்காம்.

உங்க ஃபார்முக்குக் கடைசித் தேதி என்னைக்குன்னு நாளைக்கே ஆபீஸ்ல கேளுங்க தம்பி. மாட்டுங்கா மார்க்கெட்ல பூ வாங்கும்போது 'கஜ்ரா'ன்னு கேக்காம 'ரெண்டு முழம் மல்லி'ன்னு தமிழ்லயே கேளுங்க, கடைக்காரர் ஒரு விரக்கடை கூடவே அளந்து விடுவார்.