டாலர் லோன் வட்டி கம்மின்னு மெஷின் இறக்கலாமா?

திருப்பூர்ல நிட்டிங் யூனிட் வச்சிருக்கிற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார்: ரூபா இறங்கினா எக்ஸ்போர்ட் பண்றவங்களுக்கு லாபம்தானே, அப்புறம் ஏன் யாரும் புது மெஷின் போடல, பேங்க் தர்ற டாலர் லோன்ல நான் நாலு மெஷின் இறக்கலாமா? அவருக்கு பாதிக்கு மேல ஜாப் ஒர்க் (மத்தவங்க ஆர்டருக்கு கூலிக்கு செஞ்சு கொடுக்கிறது), மீதி நேரடி எக்ஸ்போர்ட்.

சார், ரூபா இறங்குறது வேற, ரூபா ஏறி இறங்கி ஆடுறது வேற. எங்கயாச்சும் ஒரு இடத்துல நின்னுச்சுன்னா அதுக்கேத்த மாதிரி கணக்கு போட்டு தொழில ஓட்டிடலாம். 2007 ஆரம்பத்துல டாலர் 44 ரூபா கிட்ட இருந்துச்சு, அந்த வருஷ கடைசில 39 பக்கம் வந்துச்சு, 2008 கடைசில 50 ஆயிடுச்சு, இதுல எந்த ரேட்ட நம்பி பத்து வருஷம் ஓட வேண்டிய மெஷினுக்கு ரிப்போர்ட் போடுவீங்க? நூல் ஸ்டாக்க வித்துடலாம், இறக்கின மெஷின வித்தா போட்ட காசு வராது, அதான் எல்லாரும் கொஞ்சம் பொறுத்து பாப்போம்னு தள்ளிப் போடறாங்க. என்னைக் கேட்டா அவங்க கணக்கு சரிதான், வளர்ற நாடுகள்ல தனியார் முதலீடு நிக்கிறதே இப்படித்தான்.

டாலரே தொடாதவங்களும் தப்பிக்க முடியாது. இலங்கைல 2022 மார்ச்ல அந்த ஊர் ரூபால 200 சொச்சம் இருந்த டாலர் மே மாசத்துல 360 கிட்ட போச்சு, அதை அடக்க மத்திய வங்கி ஏப்ரல்ல ஒரே அடியா 7 சதவீதப் புள்ளி வட்டிய ஏத்துச்சு, அந்த வட்டிக்கு கடன் வாங்கி யார் புதுசா ஒரு ஷெட் போடுவா?

இப்ப உங்க லோன். ஜாப் ஒர்க்குக்கு துணி அமெரிக்காவுக்கே போனாலும் உங்க கைக்கு கூலி ரூபாலதான் வருது, அந்த வருமானத்த வச்சு டாலர் கடன் கட்டவே கூடாது. ஃபார்வர்ட் (பின்னாடி வாங்கப் போற டாலருக்கு இன்னிக்கே ரேட் பேசி வச்சுக்கிற ஒப்பந்தம்) எடுத்தா போச்சுன்னு சொல்வாங்க, ஆனா அது சுலபமா கிடைக்கிறது ஒரு வருஷம் வரைக்கும்தான், அதுக்காக இன்னிக்கு ரேட்டுக்கு மேல தர்ற ப்ரீமியத்தையும் சேர்த்தா டாலர் வட்டி மலிவுங்கிறது பெரும்பாலும் கரைஞ்சிடும். ஃபார்வர்ட் மாதிரி எந்த கவரும் எடுக்காம விட்டாலும், 2014ல இருந்து ரிசர்வ் பேங்க் விதிப்படி அந்த மாதிரி கடனுக்கு பேங்க் கூடுதலா ப்ராவிஷன் (நஷ்டம் வந்தா சமாளிக்க ஒதுக்கி வைக்கிற பணம்) வைக்க வேண்டி வரலாம், அதையும் உங்க வட்டிலதான் ஏத்துவாங்க. 2008ல உங்க ஊர்லயே எத்தனையோ பேர் தங்களுக்கு வருமானமே இல்லாத கரன்சில டெரிவேட்டிவ் (கரன்சி ரேட் எப்படிப் போகும்ங்கிறத வச்சு பேங்க்கோட போடுற ஒப்பந்தம்) போட்டு நஷ்டப்பட்டு கோர்ட் வரைக்கும் போனாங்க.

அதனால எக்ஸ்போர்ட் பில் அளவுக்குள்ள மட்டும் டாலர் லோன், மீதி ரூபா லோன். நாலையும் ஒண்ணா இறக்காம முதல்ல ரெண்டு போடுங்க, எல்சி (மெஷின் விக்கிறவருக்கு பணம் வந்துடும்னு பேங்க் தர்ற உத்தரவாதம்) திறக்கிற அன்னிக்கே அந்த பேமென்ட்டுக்கு ஃபார்வர்ட் புக் பண்ணிடுங்க.