காணி என்னுடையது, கையெழுத்து அவருடையதா?

கேள்வி: பளைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்கிறேன். கணவர் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் காணாமல்போனார். அம்மா சீதனமாக எழுதித் தந்த 4 பரப்புக் காணி என் பெயரில் மட்டும்தான் இருக்கிறது. மகளின் படிப்புச் செலவுக்கு அதில் 2 பரப்பை விற்கலாம் என்று போனால், கணவரின் கையெழுத்து இல்லாமல் உறுதி எழுத முடியாது என்கிறார் நொத்தாரிசு. மரணச் சான்றிதழ் எடுத்தால் காரியம் சுலபமாக முடியும், தானே எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஒரு தரகர். எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. தரகருக்கென்று காசு ஏதும் எடுத்து வைத்திருந்தால் அதைத் திரும்பப் பெட்டிக்குள் வையுங்கள். உங்கள் காணியை விற்பதற்காக உங்கள் கணவரைக் காகிதத்தில் சாகடிக்க வேண்டியதில்லை.

நொத்தாரிசு மேல் கோபப்படாதீர்கள். அவர் சொன்னது சரிதான். வடக்கில், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட, மணமான பெண்ணின் சொத்துக்கு 1911ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி சீதனக் காணி முழுக்க முழுக்க உங்களுடையது. ஆனால் விற்கவோ ஈடு வைக்கவோ கணவர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதே காணியை யாருக்காவது மரணசாசனமாக எழுதி வைக்க அவருடைய சம்மதம் தேவையில்லை. செத்த பிறகு கொடுக்கலாம், உயிரோடு இருக்கும்போது விற்கக் கூடாது! மட்டக்களப்புத் தமிழ்ப் பெண்ணுக்கு இந்தத் தொல்லை கிடையாது. 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் தன் காணியைத் தானே விற்கலாம்.

சண்டை நடந்த ஆண்டுகளில் இங்கே பெண்கள் செய்யாத வேலை எது? தொண்ணூறுகளில் பெற்றோல் கண்ணில் படாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் மிதித்துக் குடும்பத்தை ஓட்டினார்கள். வன்னியில் பொலிஸ் உடுப்புப் போட்டார்கள், துவக்கும் தூக்கினார்கள். முகாமிலிருந்து திரும்பி வந்ததும் கொட்டில் போட்டது, கிணறு இறைத்தது, கூலிக்குப் போனது எல்லாம் அவர்கள்தான். முகமாலையில் நான் கண்ட காட்சி இது: முகத்தை மறைக்கும் தடித்த கண்ணாடி, மார்புக் கவசம், கொளுத்தும் வெயில். ஒரு பெண் முழங்காலில் நின்று வாரியால் மண்ணை விரல் கனத்துக்கு இழுக்கிறார். நிறுத்துகிறார், பார்க்கிறார், மறுபடி இழுக்கிறார். அந்த வேலைக்குக் கணவரின் கையெழுத்தை எவரும் கேட்கவில்லை. 2 பரப்புக் காணிக்குக் கேட்கிறார்கள். இதை மாற்றுங்கள் என்று கருத்தரங்கு கருத்தரங்காகப் பேசியாயிற்று. தேநீர் நன்றாக இருந்தது, சட்டம் அப்படியே இருக்கிறது.

சரி, வழிக்கு வருவோம். அதே 1911ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. கணவர் இருக்கும் இடம் தெரியாவிட்டால், மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு, கணவரின் சம்மதம் இல்லாமலே விற்பதற்கு அனுமதி கேட்கலாம். நீங்கள் வசிக்கும் இடத்து நீதிமன்றத்திலும் போடலாம், காணி இருக்கும் இடத்து நீதிமன்றத்திலும் போடலாம். மாவட்ட நீதிபதி சுருக்கமாக விசாரித்துக் கட்டளை தருவார். கணவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் எங்கேயும் சொல்லத் தேவையில்லை. எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை என்பதுதான் உங்கள் வழக்கு, அதுதான் உண்மையும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கட்டளை முதலில், உறுதி பிறகு. மாறிச் செய்தால் அந்த உறுதி செல்லாது.

மரணச் சான்றிதழ் எடுத்தாலும் சம்மதப் பிரச்சினை தீரும்தான், மறுக்கவில்லை. காணாமல்போனவர்களின் மரணத்தைப் பதிய 2010இல் தனிச் சட்டமே வந்தது. ஆனால் அதை எடுப்பதா இல்லையா என்பது நீங்களும் பிள்ளையும் இருந்து யோசித்து முடிவெடுக்க வேண்டிய விஷயம். காணி விற்கும் அவசரத்தில் தரகர் தள்ளிவிடக் கூடாது.

தரகர் என்றதும் எனக்குக் கை சும்மா இருக்காது. இவர்களிடம் மூன்று வித்தைகள் உண்டு. ஒன்று, உறுதியில் உங்களை ‘விதவை’ என்றோ ‘விவாகமாகாதவர்’ என்றோ எழுத வைப்பது. நாளைக்கு வாங்கியவர் வழக்குப் போட்டால் பொய் சொன்னவர் நீங்கள்தான், தரகரின் பெயர் எந்த மூலையிலும் இருக்காது. இரண்டு, பழைய திகதி போட்டுக் கணவர் பெயரில் ஒரு அற்றோர்னித் தத்துவம், அதாவது அவருக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரம், தயாரிப்பது. அது மோசடி, மறியலுக்குப் போகிற குற்றம். மூன்றாவதுதான் மகா கெட்டது: “ஏன் விற்கிறீர்கள் தங்கச்சி, கடன் வாங்கித் தருகிறேன், காணியை ஈடு வையுங்கள்” என்று தேனாகப் பேசி, ஈட்டு உறுதிக்குப் பதிலாக அறுதி உறுதியில் கையெழுத்து வாங்குவது. அறுதி என்றால் விற்றாயிற்று என்று அர்த்தம். காசைத் திருப்பிக் கொடுத்தால் காணி தருவேன் என்ற வாய்ப்பேச்சை நம்பி, வட்டியும் கட்டிக் காணியையும் இழந்து என் மேசைக்கு முன்னால் வந்து அழுத பெண்கள் எத்தனை பேர். உறுதியின் தலைப்பை எழுத்துக்கூட்டியாவது வாசியுங்கள். வாசிக்க விடாத இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். காணி உங்கள் பெயரில் மட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். உறுதியை எடுத்து மறுபடி பாருங்கள். சில சீதன உறுதிகளில் மகள் பெயரோடு மருமகன் பெயரையும் சேர்த்து எழுதியிருப்பார்கள், வீட்டில் யாருக்கும் அது நினைவிருக்காது. அப்படி இருந்தால் நான் சொன்ன மனு உங்கள் பங்குக்கு மட்டுமே உதவும். அவருடைய பங்கு அவருடையது. அதற்கு, நான் சொன்ன 2010ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2016இல் செய்த திருத்தத்தில் வந்த, காணாமல்போனமைக்கான சான்றிதழை எடுக்கலாம். ஆனால் அது அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கத்தான் வழி செய்யும். அதை வைத்து அவருடைய பங்கை விற்கலாம் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். வேண்டுமென்றால் காணியைப் பிரித்து உங்கள் பங்கை விற்பதைப் பற்றிச் சட்டத்தரணியிடம் பேசலாம். அது நீண்ட வேலை.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்களே வழக்குப் பேசுவார்கள். போகும்போது சீதன உறுதி, திருமணப் பதிவு, கணவரைக் காணவில்லை என்று பொலிசில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்திலும் காணாமல்போனோர் அலுவலகத்திலும் பதிந்த துண்டுகள், கிராம அலுவலரின் கடிதம் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். கிராம அலுவலர் நாளைக்கு வா, நாளான்றைக்கு வா என்று இழுத்தால் கேட்பதை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்து வாங்கி வையுங்கள். மூலப் பிரதிகளை ஒருவரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், என்னிடம் வந்தாலும் சரி.