ராலி கிட் வாங்கும் முன்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். ராசிபுரம் பக்கம் ஊர். நாமக்கல்லில் வேலை, தினமும் வண்டியில்தான் போய் வருகிறேன். போன வருடம் 2022 மாடல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி பைக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமையானால் கொல்லிமலை, சுற்றுவட்டார மண் ரோடுகள். உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், எடை 82 கிலோ. கல் பாதையில் கொஞ்சம் வேகமாகப் போனால் பின்பக்கம் ‘டங்’ என்று அடிக்கிறது. 40 ஆயிரம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். ராலி கிட், சைலன்சர், முள் டயர், ஹேண்டில்பார் ரைசர், எல்.இ.டி. விளக்கு என்று பட்டியல் போட்டாயிற்று. எல்லாவற்றையும் வீட்டுப் போர்டிகோவில் நானே மாட்ட ஆசை. வீடியோக்களில் அரைமணி நேர வேலையாகத்தான் தெரிகிறது. எதில் ஆரம்பிப்பது? நண்பர் ஒருவர் தன் பழைய ராலி கிட்டைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

கே.,
ராசிபுரம்

*

அன்புள்ள கே.,

போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்களே, அந்த ‘டங்’, உங்கள் கடிதத்தில் முக்கியமான சேதி அதுதான். பட்டியலில் உள்ள ஐந்தில், நீண்ட முன் ஃபோர்க்கும் பின் ஷாக்கும் அடங்கிய ராலி கிட் ஒன்றுக்குத்தான் அதோடு சம்பந்தம் உண்டு. மற்ற நான்கையும் மாட்டி முடித்த பிறகும் ‘டங்’ அப்படியே இருக்கும். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம். காசு செலவில்லாத வேலை.

முதலில் செயின் கார்டு, இன்ஜினுக்கு அடியில் உள்ள பேஷ் பிளேட், பின் கேரியர் இவற்றின் போல்ட்டுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். மண் ரோட்டில் ஓடிய வண்டியில் ஏதாவது ஒன்று தளர்ந்திருக்கும். அவையெல்லாம் இறுக்கமாக இருந்தும் சத்தம் வந்தால், ஷாக்கப்சர்பர் தன் முழு நீளத்துக்கும் அமுங்கி முட்டுகிறது என்று அர்த்தம்.

உங்கள் எடை 82. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ், முதுகுப்பை சேர்ந்தால் 90ஐத் தாண்டும். வண்டியை முன்பு வைத்திருந்தவர் ஒல்லியா பருமனா, பின் ஷாக்கை எந்தப் படியில் வைத்து ஓட்டினார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. அதன் ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் பத்துப் படிகள் இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் வண்டியை விற்கும் நாள் வரை அதைத் தொடுவதில்லை.

அளக்கிற டேப் ஒன்றும் வீட்டில் இரண்டு பேரும் வேண்டும். இந்த வண்டிக்கு சென்டர் ஸ்டாண்டு கிடையாது. சைடு ஸ்டாண்டின் மேல் வண்டியைச் சாய்த்துப் பிடித்தால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். அப்போது பின் ஆக்ஸிலின் (சக்கர அச்சின்) நடுவிலிருந்து, அதற்கு நேர் மேலே வால் பகுதியில் ஒட்டிய ஒரு துண்டு டேப் வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இது முதல் அளவு. வண்டியை நேராக நிறுத்தி, யாரும் உட்காராமல் அதே இரண்டு புள்ளிகளுக்கு இடையே அளந்தால் இரண்டாவது. ஓட்டப் போகும்போது என்னென்ன அணிவீர்களோ எல்லாவற்றையும் அணிந்து ஏறி உட்காருங்கள். ஒருவர் ஹேண்டிலைப் பிடிக்க, இன்னொருவர் குனிந்து அளக்கட்டும். அது மூன்றாவது. ஹெல்மெட்டும் பூட்ஸுமாகப் போர்டிகோவில் நிற்கிற வண்டிமேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

முதல் அளவில் மூன்றாவதைக் கழித்தால் வருவது, உங்கள் எடைக்கு வண்டி எவ்வளவு அமர்கிறது என்ற கணக்கு. எக்ஸ்பல்ஸின் பின்சக்கரம் மேலும் கீழும் 170 மி.மீ. போய்வரும், இதைத்தான் ஆட்டம் என்கிறேன். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 50 முதல் 57 மி.மீ. வரை, நீங்கள் உட்கார்ந்ததும் அமர வேண்டும். 70, 75 என்று வந்தால் கல் மேல் ஏறும் முன்பே கிட்டத்தட்டப் பாதி ஆட்டத்தை வண்டி செலவழித்துவிட்டது என்று பொருள். படியை ஒவ்வொன்றாக ஏற்றித் திரும்ப அளங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. படி ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டிப்படுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வண்டி உட்காரும் உயரம்தான் மாறுகிறது, ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். அதற்காகத்தான் இரண்டாவது அளவை எடுக்கச் சொன்னேன். உங்களை ஏற்றிய கணக்கு சரியாக வந்த படியில், ஆள் இல்லாமல் வண்டி தன் எடைக்கே ஒரு 10, 15 மி.மீ.யாவது இறங்க வேண்டும். கொஞ்சம்கூட இறங்காமல் விறைத்து நின்றால், மெலிந்த ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி நசுக்கி வைத்திருக்கிறீர்கள். உங்கள் எடைக்கு அந்த ஸ்பிரிங் போதாது. ஷாக்கோ ஸ்பிரிங்கோ வாங்க அதுதான் நியாயமான காரணம்.

இனி ராலி கிட்டுக்கு வருகிறேன். அது நல்ல சாமான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாதா எக்ஸ்பல்ஸில் முன்னால் 190, பின்னால் 170 மி.மீ. ஆட்டம். ராலி கிட்டில் 250, 220. ஆனால் பெட்டியைத் திறந்து பாருங்கள், ஃபோர்க்கும் ஷாக்கும் மட்டுமா இருக்கின்றன? நீண்ட சைடு ஸ்டாண்டு, தட்டையான சீட், ரைசர், கியர் லீவர், டயர் என்று ஒரு குடித்தனமே இருக்கும். வண்டி கூட்டுக்குடும்பம் மாதிரி, ஒருவர் இடம் மாறினால் எல்லோரும் நகர்ந்து உட்கார வேண்டியிருக்கும். ஃபோர்க்கை மட்டும் நீட்டினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஹேண்டில் மந்தமாகும், வளைவில் வண்டி அகலமாகச் சுற்றும். பின் ஷாக்கை மட்டும் நீட்டினால் செயினின் சாய்வு மாறி, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் ரப்பரைத் தேய்க்கும். இரண்டையும் நீட்டிவிட்டுப் பழைய சைடு ஸ்டாண்டிலேயே நிறுத்தினால் வண்டி அபாயமாகச் சாய்ந்து நிற்கும்.

உங்கள் நண்பரின் ‘பழைய ராலி கிட்’டில் இவற்றில் எத்தனை இருக்கின்றன என்று முதலில் கேளுங்கள். ஃபோர்க்கும் ஷாக்கும் மட்டும்தான் என்றால் பாதி விலையும் அதிகம். முழு செட் என்றால், ஃபோர்க் குழாயின் பளபளப்பான பகுதியில் நகத்தை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்குகிற இடத்தில் ஆயில் சீல் கிழியும். ஷாக்கின் தண்டில் எண்ணெய்ப் பசை இருந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அதற்கு முன் உங்கள் உயரத்தை யோசிக்க வேண்டும். உங்கள் வண்டியின் சீட் 823 மி.மீ. ராலி கிட்டில் இருக்கும் அதே ஆட்டத்தோடு 2023இல் கம்பெனியே விட்ட புரோ மாடலின் சீட் 891. ஐந்தடி ஐந்தில் அது இரண்டு காலும் நுனிவிரலில் நிற்கிற உயரம். போட்டியில் ஓட்டுபவனுக்கு அது பொருட்டில்லை, அவன் வண்டியை நிறுத்துவதே இல்லை. நீங்கள் தினமும் நாமக்கல் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் காலூன்ற வேண்டியவர். காரவள்ளியிலிருந்து சோளக்காடு ஏறும்போது 70 கொண்டை ஊசி வளைவு. மேலேயிருந்து பஸ் இறங்கினால் வளைவிலேயே நிறுத்தி, சரிவுப் பக்கம் கால் வைக்க வேண்டி வரும். அந்தக் கால் தரைக்கு எட்டுகிறதா இல்லையா என்பது 60 மி.மீ. கூடுதல் ஆட்டத்தைவிடப் பெரிய விஷயம். என்னைக் கேட்டால், உங்களுக்கு ராலி கிட் வேண்டாம். அளந்து பார்த்துத் தேவைப்பட்டால் பின்னால் உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங், முன்னால் புது ஃபோர்க் ஆயில், அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சைலன்சருக்கு ஒரு பத்தி போதும். 19.1 குதிரைத்திறன் தருகிற 200 சிசி வண்டி இது. பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட வண்டியின் புகைக்குழாய் அமைப்பில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் இருக்கின்றன. அதைக் கழற்றி ஒரு குழாயை மாட்டினால் கூடுவது சத்தம்தான். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைத் தெளிவாக உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆகிவிட்டது. சத்தத்துக்காக இவ்வளவு ரிஸ்க் எடுக்க வேண்டுமா?

இழுவை வேண்டும் என்றால் வழி வேறு. செயின் ஓடும் முன் ஸ்ப்ராக்கெட்டில் (பல்சக்கரத்தில்) 13 பல் இருக்கிறது. அதை 12 ஆக்கினால் எல்லா கியரிலும் இழுவை எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும். பின்னால் மூன்று பல் கூட்டினால் என்ன கிடைக்குமோ அது. மலையேற்றத்தில் இரண்டாவது கியரில் திணறுகிற இடங்களில் வித்தியாசம் தெரியும். ஆனால் நாமக்கல் ரோட்டில் அதே வேகத்துக்கு இன்ஜின் கூடுதலாகச் சுற்றும், மைலேஜ் இறங்கும். சின்ன வட்டத்தில் செயின் தாழ்ந்து ஓடுவதால் ஸ்விங்ஆர்ம் ரப்பர் தேய்கிறதா என்று அவ்வப்போது பார்க்கவும் வேண்டும். தினம் வேலைக்குப் போகிற வண்டியில் நான் இதைச் செய்ய மாட்டேன். உங்கள் இஷ்டம்.

டயரிலும் இதே கதை. முள் டயர் மண்ணில் பிடிக்கும், மழை பெய்த தார் ரோட்டில் தரையைத் தொடும் ரப்பரே குறைவு. உங்கள் வாரத்தில் ஐந்தாறு நாள் தார்தான். இருக்கிற டயர் தேயட்டும். அடுத்து வாங்கும்போது பாதிக்குப் பாதி ரகம் எடுங்கள், அளவை மட்டும் மாற்ற வேண்டாம். முன்னால் 90/90-21, பின்னால் 120/80-18. ஆனால் டயரைக் கழற்றி மாட்டுவதை இப்போதே வீட்டில் பழகுங்கள். இது ட்யூப் டயர், மலையில் பஞ்சரானால் பக்கத்தில் கடை இருக்காது. கம்பியை நெம்பும்போது எதிர்ப்பக்க டயர் ஓரத்தை முழங்காலால் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அழுத்தி வைத்திருக்க வேண்டும். சூட்சுமம் இது ஒன்றுதான். அதைச் செய்யாதவர்கள்தான் மூச்சு வாங்க நெம்பி, புது ட்யூபையும் கடித்து ஓட்டையாக்குவார்கள். பையில் இரண்டு ட்யூப் வைக்க இடமில்லை என்றால் 21 இன்ச் ட்யூப் ஒன்று போதும். ஆபத்துக்குப் பின்சக்கரத்திலும் அதை மடித்து நுழைத்து வீடு வந்து சேரலாம்.

ஹேண்டிலை உயர்த்தும் ரைசர், உண்மையிலேயே அரைமணி நேர வேலை. அதனால்தான் அதில் ஏமாறுகிறார்கள். ஹேண்டில் உயர்ந்தால் ஆக்ஸிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ், ஒயரிங் எல்லாம் இழுபடும். மாட்டியதும் வண்டியை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகத் திருப்புங்கள். எங்காவது இன்ஜின் சத்தம் தானாக ஏறினால் கேபிள் பற்றவில்லை. அப்படியே ஓட்டினால் யு டர்ன் போடுகையில் வண்டி தானாகப் பாயும். நின்றுகொண்டு ஓட்டும்போது முதுகு வளைந்தால்தான் ரைசரே வேண்டும். அதற்கும் முன்னால், இருக்கிற ஹேண்டிலின் கிளாம்பைத் தளர்த்திக் கொஞ்சம் முன்னால் சுழற்றிப் பாருங்கள். பூட்ஸ் போட்டால் கியர் மாறவில்லை என்று சிலர் புது லீவர் வாங்குகிறார்கள். இருக்கிற லீவரையே ஒரு பல் மேலே ஏற்றி மாட்டினால் முடிந்தது.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். கிளட்ச், பிரேக் லீவர்களின் கிளாம்புக்கு அடியில், பிளம்பர்கள் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை நாலு சுற்றுச் சுற்றி, போல்ட்டை அளவாக இறுக்குங்கள். கையால் பலமாகத் தள்ளினால் சுழல வேண்டும், சாதாரணமாகப் பிடித்தால் அசையக் கூடாது. கீழே விழுந்தால் லீவர் முறியாமல் சுழன்று கொடுக்கும். கூடவே இரும்புச் சட்டம் உள்ள ஹேண்ட் கார்டு ஒன்று. மலைக்குப் போகிறவருக்கு எல்.இ.டி. விளக்கை விட இது முந்தி வர வேண்டும். விளக்கு வைத்தே தீருவேன் என்றால் ரிலேயும் ஃபியூஸும் போட்டு பேட்டரியிலிருந்து தனி லைன் எடுங்கள், ஹெட்லைட் ஒயரை வெட்டி ஒட்டாதீர்கள்.

வீட்டில் நீங்களே செய்வது பற்றி: தாராளமாகச் செய்யுங்கள். ஃபோர்க் ஆயில் சீல், ஸ்போக்ஸ் கம்பிகளை இறுக்கிச் சக்கரத்தை நேராக்குவது, ஷாக்கைப் பிரிப்பது மூன்றையும் பட்டறையில் கொடுங்கள். மற்றதெல்லாம் போர்டிகோவில் ஆகும். 40 ஆயிரத்தில் முதல் செலவு, போல்ட்டை அளந்து இறுக்க உதவும் ஒரு டார்க் ரெஞ்ச். ஃபோர்க்கைப் பிடிக்கும் கிளாம்ப் அலுமினியம். கைக்கணக்கில் இறுக்கினால் மரை போகும், மரை தப்பித்தால் குழாய் நசுங்கும். எந்த போல்ட்டுக்கு எவ்வளவு என்பதைச் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள், வீடியோவில் வேண்டாம். முன்சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், ஆக்ஸிலை முழுதாக இறுக்கும் முன் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை நாலைந்து தடவை அமுக்கி விடுங்கள், ஃபோர்க்கின் இரண்டு கால்களும் நேராக உட்காரும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மாற்றம்தான். மூன்றைச் சேர்த்துச் செய்துவிட்டு வண்டி ஒருபக்கம் இழுத்தால், எதனால் என்று கண்டுபிடிக்க மூன்றையும் பிரிக்க வேண்டும்.

இந்த ஞாயிறு மூன்று அளவுகளையும் எடுத்து, எந்தப் படியில் எடுத்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். பூட்ஸ், பையோடு தராசில் ஏறி எடையும் பாருங்கள். ஸ்பிரிங் வாங்குவதா வேண்டாமா என்பதை அதை வைத்துப் பேசிக்கொள்வோம். நண்பரிடம் அதுவரை முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.