கேட்டதும் சொன்னதும்: முரட்டுச் சத்தமும் நான்கு பக்கக் கடதாசியும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பாட்டைப் பற்றித்தான். சமையல், வேலைவாய்ப்புக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு, பாட்டுக் கேள்விகளுக்கு மட்டும் ஆறுதலாகப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, கனடாவில் இருக்கும் மச்சான் எனக்கு ஓர் அல்பம் அனுப்பினான். குழுவின் பெயர் டெத் கிரிப்ஸ், அல்பம் த மணி ஸ்டோர். முதல் நாள் தலையிடிதான் வந்தது, பாதியில் நிற்பாட்டிவிட்டேன். மூன்றாம் நாள் என்னவோ திரும்பவும் கேட்க வேண்டும் போல இருந்தது. இதை ஏன் ஹிப் ஹொப் என்கிறார்கள்? இப்படி ஒரு சத்தத்தைப் பெரிய கொம்பனி ஒன்று எப்படி வெளியிட்டது?
– உவர்மலை வாசகர்

மூன்றாம் நாள் திரும்பக் கேட்க வேண்டும் போல இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, எனக்கும் அப்படித்தான் நடந்தது. முதல் தடவை வீட்டில் போன் ஸ்பீக்கரில் போட்டேன், யாரோ தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி இருந்தது. பிறகு ஒரு பின்னேரம் டச்பே கடற்கரையில் இருந்துகொண்டு வயர் உள்ள இயர்போனில் முழுதாகக் கேட்டேன். அப்போதுதான் அடியில் ஓடுகிற பேஸ் கேட்டது, அதற்கு மேலே ட்ரம்ஸ், அதற்கும் மேலே அந்த மனிதரின் குரல் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து விளங்கியது. போனின் குட்டி ஸ்பீக்கரால் கீழ்ச் சத்தங்களைத் தரவே முடியாது, அதனால் இந்த இசையில் பாதி உங்கள் காதுக்கு வந்தே சேராது. தலையிடிக்குக் காரணம் உங்கள் காது இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

குழுவைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சக்ரமென்டோ என்ற நகரத்தில் 2010 முடிவில் சேர்ந்த மூன்று பேர். எம்சி ரைட் என்ற பெயரில் ராப் பாடுபவர் ஸ்டீபன் பேர்னட், ட்ரம்ஸ் ஸக் ஹில், கீபோர்ட்டும் ஒலிப்பதிவும் அன்டி மொரின். 2011 ஏப்ரலில் எக்ஸ்மிலிட்டரி என்ற முதல் தொகுப்பை இணையத்தில் இலவசமாகவே விட்டார்கள். அதைக் கேட்டு ஆட்கள் கதைக்கத் தொடங்க, 2012 இல் எபிக் ரெக்கோர்ட்ஸ் அவர்களோடு ஒப்பந்தம் போட்டது. எபிக் என்றால் சோனியின் கீழ் உள்ள கொம்பனி, மைக்கல் ஜக்சனின் த்ரில்லர் 1982 இல் வெளிவந்ததும் அங்கிருந்துதான். அந்த வாசலால் உள்ளே போனவர்கள் 2012 ஏப்ரல் 24 இல் வெளியிட்ட அல்பம்தான் உங்கள் கையில் இருப்பது, மொத்தம் 13 பாட்டு, 41 நிமிடம் அளவில் வரும்.

ஏன் ஹிப் ஹொப்? எங்கேயோ கிடக்கும் ஒரு சத்தத் துண்டை வெட்டி எடுத்து, சுழலவிட்டு, அதன் மேல் தாளத்துக்குப் பேச்சை ஏற்றுவதுதான் ஹிப் ஹொப்பின் அடிப்படை வேலை. இவர்களும் அதைத்தான் செய்கிறார்கள், துண்டு எடுக்கிற இடம்தான் வேறு. ஒரு பாட்டில் டென்னிஸ் வீராங்கனை வீனஸ் வில்லியம்ஸ் பந்தை அடிக்கும்போது போடுகிற சத்தமும், கனடாவின் வன்கூவர் நகர ரயில் ஓடுகிற சத்தமும் இருக்கின்றன. சிஸ்டம் ப்ளோவர் என்ற பாட்டு அது, அடுத்த முறை கேட்கும்போது தேடிப் பாருங்கள், ஒரு தடவை பிடிபட்டால் பிறகு காது அதை விடாது. மற்றது அந்தக் கரகரப்பு. ஒலியின் அளவைத் தாங்கக்கூடிய எல்லைக்கு மேலே வேண்டுமென்றே ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும், அதுதான் ஸ்பீக்கர் கிழிந்த மாதிரிக் கேட்கிறது. நவராத்திரியில் கும்பம் வீதியால் வரும்போது மேளத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறீர்களா? நெஞ்சுக்கூடு அதிரும், பக்கத்தில் நிற்பவர் கதைப்பது கேட்காது, ஆனால் விலகிப் போகவும் மனம் வராது. எனக்கு இந்த அல்பம் அந்த இடத்தில்தான் போய் நிற்கிறது.

கொம்பனி ஏன் வெளியிட்டது என்று கேட்டீர்கள். இணையத்தில் ஏற்கெனவே ஆட்கள் கூடிவிட்டார்கள், அந்தக் கூட்டத்தைக் கொம்பனி கண்டுவிட்டது, அவ்வளவுதான் என்பது என் கணிப்பு. அதற்காக இவர்கள் சத்தத்தைக் குறைக்கவில்லை. விற்பனையில் பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை, அமெரிக்க பில்போர்ட் 200 பட்டியலில் 130 ஆம் இடம் வரைக்கும்தான் போனது. ஆனால் அந்த வருடம் நல்லாக விமர்சனம் பெற்ற அல்பங்களில் இதுவும் ஒன்று, இன்றைக்கும் புதிதாகக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், நீங்களே அதற்குச் சாட்சி.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். அதே வருடம் இன்னோர் அல்பமும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அது தயாரானபோது கொம்பனி வெளியிடும் திகதியைப் பிடி கொடுக்காமல் தள்ளிக்கொண்டு போனது. பொறுத்துப் பார்த்த குழு, நோ லவ் டீப் வெப் என்ற அந்த அல்பத்தைக் கொம்பனியைக் கேட்காமலே 2012 ஒக்டோபர் 1 இல் இணையத்தில் இலவசமாக விட்டுவிட்டது. நவம்பரில் உறவு முறிந்தது. ஒப்பந்தம் போட்டதிலிருந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. துணிச்சல் என்று பலர் கொண்டாடுகிறார்கள், நானும் அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டு அதை மீறுவது எல்லாருக்கும் கட்டுப்படியாகிற காரியம் இல்லை, அதைக் கடைசிக் கடிதத்தில் விவரமாகச் சொல்கிறேன்.

தவிலும் நாதஸ்வரமும் கேட்டு வளர்ந்தவள் நான். வாத்தியமே இல்லாமல் கணினியில் தட்டுவதை இசை என்று என் மாணவர்கள் சொல்கிறார்கள். ஏற்றுக்கொள்ளலாமா?
– சாம்பல்தீவு ஆசிரியை

ஏற்றுக்கொள்ளலாம் ரீச்சர். முதலில், மேலே சொன்ன குழுவில் ஸக் ஹில் கையாலும் காலாலும் அடிக்கிற ட்ரம்ஸ்காரர், அவர் வாசிப்பதை வீடியோவில் பாருங்கள், தவில்காரர் தனி ஆவர்த்தனத்தில் வேகம் எடுக்கும்போது தோள் எப்படிப் போகுமோ அப்படிப் போகும். இரண்டாவது, இயந்திரத் தாளம் நேற்று வந்ததில்லை. ஜப்பானின் ரோலன்ட் கொம்பனி 1980 இல் டிஆர்-808 என்ற தாளப் பெட்டியை விட்டது, உண்மையான ட்ரம்ஸ் மாதிரி இல்லை என்று பலர் ஒதுக்கினார்கள், மூன்று வருடத்தில் தயாரிப்பையும் நிறுத்திவிட்டார்கள். மொத்தம் 12,000 அளவில்தான் செய்யப்பட்டது. விலை விழுந்து பழைய சாமான் கடைக்கு வந்த பிறகு கையில் காசு இல்லாத பெடியன்களுக்கும் அது எட்டியது. அதற்கு முன்பே, 1982 இல், நியூயோர்க்கின் ஆப்ரிக்கா பம்பாட்டாவின் குழு ஜேர்மனியின் க்ராஃப்ட்வேர்க் என்ற மின்னணு இசைக் குழு போட்ட மெட்டையும் இந்தப் பெட்டியின் தாளத்தையும் சேர்த்து ஒரு பாட்டுச் செய்தது. ஹிப் ஹொப்பும் மின்னணு இசையும் கைகோத்தது அங்கேதான். இன்றைக்கு ஓட்டோக்களின் பின் சீட்டுக்குக் கீழே உறுமுகிற அந்த நீளமான பேஸ் சத்தம் பெரும்பாலும் அந்தப் பெட்டியின் வாரிசுதான். கணினியில் தட்டுகிற விரல்களின் உழைப்பு உங்கள் காதுக்குப் பிடிபட வேண்டுமென்றால், மாணவர் ஒருவரிடம் லப்டொப்பைத் திறந்து ஒரேயொரு தாளத்தை எப்படிக் கட்டுகிறார் என்று காட்டச் சொல்லுங்கள்.

தமிழில் முதல் ராப் அல்பம் எது?
– கிண்ணியா வாசகர்

முதல் என்று ஒன்றைக் காட்டினால் சண்டை வரும். தமிழ் ராப்பைப் பலர் வீட்டுக்குள் கொண்டுவந்தது மலேசியாவின் யோகி பியும் நட்சத்திராவும் 2006 இல் செய்த வல்லவன். தமிழ்நாட்டின் ஹிப்ஹாப் தமிழாவின் முதல் அல்பம் 2012 இல், அதாவது மணி ஸ்டோர் வந்த அதே வருடம். பாடுவது ஆங்கிலத்தில் என்றாலும் ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையான மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்று உலகம் அறிந்தவர், 2005 இல் அருளர், 2007 இல் கலா என்று அப்பா பெயரிலும் அம்மா பெயரிலும் அல்பம் போட்டார். மின்னணுத் தாளமும் ராப்பும் ஒன்றாகக் கேட்க ஆசை என்றால் அந்த இரண்டிலிருந்து தொடங்குங்கள், டெத் கிரிப்ஸுக்குப் பிறகு போகலாம்.

எனது 15 வயது மகன் இந்தமாதிரிப் பாட்டுத்தான் கேட்கிறான். கெட்ட வார்த்தைகளும் இருக்கின்றனவாம். தடுக்கவா?
– மூதூர்த் தாய்

இருக்கின்றன அம்மா, மறைக்கமாட்டேன், மணி ஸ்டோரின் அட்டைப்படமும் சின்னப் பிள்ளைகளுக்கு உரியதில்லை. ஆனால் போனைப் பறித்தால் அவன் நண்பனின் போனில் கேட்பான். ஒரு பாட்டை அவனோடு இருந்து கேளுங்கள், எது பிடித்தது என்று கேளுங்கள். தாளமா, கோபமா, வார்த்தையா என்று அவன் சொல்வதிலேயே உங்களுக்கு விளங்கிவிடும்.

அண்ணா, நாங்கள் நான்கு பேர், தமிழில் ராப் செய்கிறோம். வீட்டு அறையில் மெத்தையைச் சுவரில் சாத்தி ரெக்கோர்ட் பண்ணி யூரியூப்பில் போட்டோம். இப்போது ஒரு கொம்பனிக்காரர் அல்பம் செய்யலாம் என்று ஆங்கிலத்தில் நான்கு பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். 5 இலட்சம் முற்பணம் தருவார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?
– அன்புவழிபுரம் தம்பிகள்

வெள்ளிக்கிழமை போட வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், நல்ல கொம்பனி என்றால் வாசித்துப் பார்க்க இரண்டு கிழமை தரும்.

1999 இல் நான் இரண்டு பாட்டுக்கு வரிகள் எழுதிக் கொடுத்தேன், ஒரு கசட்டுக்கு. 1,500 ரூபா தந்தார்கள், ஒரு கடதாசியில் கையெழுத்துக் கேட்டார்கள், சந்தோசத்தில் வாசிக்காமலே போட்டேன். இரண்டு வருடம் கழித்து பஸ்ஸில் என் பாட்டுப் போகிறது, வேறு கசட்டில், எழுதியவர் என்று வேறு ஒருவரின் பெயர். கேட்கப் போனபோது அந்தக் கடதாசியைத்தான் எடுத்துக் காட்டினார்கள். எல்லா உரிமையையும் நிரந்தரமாகக் கொடுத்ததாக அதில் இருந்தது. இன்றைக்கும் அந்தப் பாட்டைக் கேட்டால் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்யும், அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று, பதிவான ஒலி இன்னொன்று, இரண்டாவதைத்தான் மாஸ்டர் என்பார்கள். இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இரண்டையும் தனித்தனியாகவே பார்க்கிறது. எழுதியவரின் உரிமை அவர் காலத்துக்கும் இறந்த பின் 70 வருடத்துக்கும் நிற்கும். உங்கள் நான்கு பக்கத்தில் மாஸ்டர் யாருக்கு, எத்தனை வருடத்துக்கு, வரியும் மெட்டும் சேர்த்துக் கேட்கிறார்களா என்று தேடுங்கள். நிரந்தரமாக, உலகம் முழுவதும் என்ற சொற்கள் எங்கே வந்தாலும் பேனாவால் வட்டம் போடுங்கள்.

முற்பணம் பரிசு இல்லை தம்பிமாரே, உங்கள் பங்கிலிருந்து திருப்பி எடுப்பார்கள். உங்கள் பங்கு நூற்றுக்கு 15 என்று வையுங்கள். 5 இலட்சம் கழிய வேண்டுமென்றால் அந்த அல்பம் 33 இலட்சத்துக்கு மேல் வருமானம் பார்க்க வேண்டும், அதுவரைக்கும் உங்களுக்கு ஒரு சதமும் வராது. அதற்குள் வீடியோச் செலவையும் விளம்பரச் செலவையும் உங்கள் கணக்கிலேயே எழுதினால் அந்த எல்லை இன்னும் தூரம் போகும். எந்தெந்தச் செலவு என்று பட்டியல் கேளுங்கள்.

பிறகு, அடுத்த அல்பங்களும் தங்களுக்கே என்று ஒரு வரி இருக்கும், கொம்பனி விரும்பினால் எடுக்கும், விரும்பாவிட்டால் விடும், நீங்கள் மட்டும் வேறெங்கும் போக முடியாது. எத்தனை அல்பம், எத்தனை மாதத்துக்குள் வெளியிடுவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். டெத் கிரிப்ஸுக்குத் திகதியில்தான் பிரச்சினை வந்தது. அவர்களுக்கு உலகம் முழுக்கக் கேட்கிறவர்கள் இருந்தார்கள், முறித்துக்கொண்டு வெளியே வந்து நிற்க முடிந்தது. உங்களுக்கு இப்போது அந்தப் பலம் இல்லை, ஆகவே திகதி கடதாசியில் இருக்க வேண்டும்.

இன்னும் ஒன்று, உங்கள் பீட்டுகள், அதாவது ராப்புக்குப் பின்னால் ஓடுகிற தாளமும் இசையும், யாருடையவை? இணையத்தில் இலவசமாக எடுத்த பீட் என்றால், பழைய சினிமாப் பாட்டில் துண்டு வெட்டியிருந்தால், அனுமதி இல்லாமல் கொம்பனி மூலம் வெளியிட்டால் வழக்கு உங்கள் தலையில் வரும்படி ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் நான்கு பேரும் ஒரு கொப்பியில் எந்தப் பாட்டில் யாருக்கு எத்தனை பங்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது சிரித்துக்கொண்டே எழுதலாம், காசு வந்த பிறகு எழுத முடியாது.

ஒப்பந்தத்தோடு ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். காணி உறுதி மட்டும் பார்க்கிறவராக இல்லாமல் புலமைச் சொத்து தெரிந்தவரா என்று கேட்டுவிட்டுப் போங்கள், ஆங்கிலம் முழுவதையும் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் ஏதாவது வரி விளங்காவிட்டால் எனக்கு எழுதுங்கள், உங்கள் பெயரையும் கொம்பனியின் பெயரையும் மறைத்துவிட்டு அந்த வரியை மட்டும் எழுதினால் போதும். யூரியூப்பில் போட்ட அந்தப் பாட்டின் இணைப்பையும் சேர்த்து அனுப்புங்கள், இந்த முறை நல்ல இயர்போனிலேயே கேட்கிறேன்.